குடைக்காசு

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அக்கா ஒரு ஆளின் கையைப் பதம் பார்த்தார்.

எழுபதுகளின் நடுவில், மெல்பர்ன் நகரத்துக்குள், கண்ணாடிக் கூரை போட்ட ஒரு ஆர்கேடில் அந்தப் பழைய நாணயக் கடை இருந்தது. முதலாளி யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். அவரை நான் சார் என்றும், அவருடைய மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். என் கணவருக்கு இங்கே இன்ஜினியர் வேலை கிடைத்து, பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் வந்து கிளென் வேவர்லியில் குடியேறியிருந்தோம். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. தமிழ் தெரிந்த ஒரு பெண் உதவிக்கு வேண்டும் என்று யாரோ சொல்ல, நான் போய் நின்றேன்.

அன்று கோட்டும் டையுமாக ஒரு வெள்ளைக்காரர் வந்தார். இரண்டு வெள்ளிக் காசுகளை எடுத்துக் காட்டச் சொன்னார். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒன்றைத் தட்டில் வைத்தார். மற்றது அவருடைய சட்டைக் கைக்குள் போயிருந்தது. நான் கவனிக்கவே இல்லை. அக்கா சத்தம் போடவில்லை. காசு அடுக்கும் கனமான மரத்தட்டைத் தூக்கி, அதன் விளிம்பால் அந்த மணிக்கட்டில் ஓங்கி இறக்கினார். காசு கண்ணாடிப் பெட்டிமேல் விழுந்து சுழன்றது. ரத்தமும் விழுந்தது.

“எங்கட ஊரில இதைக் களவு எண்டு சொல்லுவம்” என்று அவரிடம் தமிழிலேயே சொன்னார். அந்த மனிதருக்கு ஒரு சொல் புரிந்திருக்காது. ஆனாலும் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

அக்கா காசைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் முக்கி எடுத்து, பஞ்சுத் துணியால் ஒற்றினார். “தேய்க்கக் கூடாது பிள்ளை. தேய்ச்சா காசு செத்துப்போம்” என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “முதல் அடி எங்கடயா இருக்கோணும். விளங்குதே?” என்றார்.

இந்த வாக்கியத்தைப் பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன்.

குள்ளமான, மெலிந்த மனுஷி. நூல் சேலைக்கு மேல் ஆண்கள் போடும் பழுப்புக் கோட்டு ஒன்று. தலைமுடியை இழுத்து இறுக்கிக் கொண்டை போட்டிருப்பார். சுவரைப் பார்த்து உட்காரவே மாட்டார். எப்போதும் சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் நிற்பார். நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். ரயிலில் இடம் இருந்தாலும் கதவுக்கு முதுகு கொடுத்து நின்று, வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது திடீரென்று பக்கத்தில் வந்தால் அவர் கை தானாக உயரும்.

ஒரு நாள் டிராம் நிறுத்தத்தில் குடிகாரன் ஒருவன் எங்கள் நிறத்தைச் சொல்லித் திட்டி, என் சேலையில் காறித் துப்பினான். நான் உறைந்துபோய் நின்றேன். அக்காவின் கைப்பையில் அன்றைக்கு வாங்கிய பழைய பென்னிகள் இருந்தன. டாலர் வந்த பிறகு செல்லாமல் போன பென்னிகளை அந்த ஊர்க்காரர்கள் பிஸ்கட் டின்களில் போட்டுக் கொண்டுவருவார்கள், அதில் அபூர்வமானது ஏதாவது இருக்கும் என்ற நம்பிக்கையில். அந்தக் கனத்தோடு பையைச் சுழற்றி அவன் முகத்தில் அடித்தார். மூக்குத் தண்டு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் மண்டி போட்டுவிட்டான். அக்கா தன் கைக்குட்டையை எடுத்து அவன் மடியில் போட்டார். “மேல பார்த்து இருக்கச் சொல்லும், ரத்தம் நிக்கும்” என்று என்னிடம் சொல்லிவிட்டு டிராமில் ஏறினார்.

சார் இதற்கு நேர் எதிர். அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம். உயரமானவர். நரைத்த தலையைப் படிய வாரியிருப்பார். அவர் பேசுவதைக் கேட்கக் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும், அவ்வளவு மெல்லிய குரல். இளவயதில் பாதிரியாராவதற்காகச் சில வருஷம் குருமடத்தில் படித்தவர், லத்தீன் தெரியும். பினாங்கில் ஆசிரியர் வேலை, பிறகு லண்டன், பிறகு இங்கே. நாணயம் சேர்க்கும் வெள்ளைக்காரர்கள் அவரிடம் கைகட்டாத குறையாக நின்று கேட்பார்கள்.

அவர் சொந்தமாகச் சேர்த்தது ஒரே வகைக் காசுதான். போப்பாண்டவர் என்கிற பாப்பரசர் நாடாண்ட காலத்தில், ஒருவர் இறந்து அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படும்வரை அந்த நாட்டுக்குத் தலைவர் கிடையாது. அந்த இடைவெளியில் நிர்வாகம் பார்க்கும் கர்தினால் தன் சின்னத்தைப் போட்டுக் காசு அடிப்பார். பாப்பரசரின் முகம் இருக்காது. குறுக்காக இரண்டு சாவி, மேலே ஒரு குடை, சுற்றி லத்தீனில் ‘இருக்கை காலி’ என்ற எழுத்து. ஜெர்மனியில் பிஷப்புகள் ஆண்ட நாடுகளிலும் அப்படி அடித்திருக்கிறார்கள். சாரிடம் இரண்டு வகையும் இருந்தன. அக்கா அவற்றைக் குடைக்காசு என்பார். “இதில ஆம்பிளையின்ர மூஞ்சி இல்லை. எனக்கு இதுதான் பிடிக்கும்” என்று ஒருமுறை சொன்னார்.

யார் வந்தாலும் சார் அந்தக் கதையைச் சொல்லுவார். எனக்கும் சொன்னார்.

“பாப்பரசர் கண்ணை மூடின உடன ரோமாபுரியில சிறைக்கதவைத் திறந்து விட்டிடுவினம், பிள்ளை. செத்தவரோட சட்டமும் செத்துப்போச்சு எண்டு சனம் நினைக்கும். பழைய பகை வைச்சிருந்தவன் எல்லாம் கத்தியோட தெருவுக்கு வருவான். ஆற்றில பிணம் மிதக்கும். புதுப் பாப்பரசர் வந்த உடன எல்லாம் அடங்கிப்போம். அதுக்குள்ள செய்தது செய்ததுதான்.”

சொல்லிவிட்டு மெல்லச் சிரிப்பார். “அடக்கி வைச்ச சனம் எல்லே” என்பார். அக்கா அப்போது எங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

தமிழர்கள் நாங்கள் கொஞ்சம் பேர்தான் அப்போது. வாடகைக்கு ஒரு தேவாலய மண்டபம் எடுத்து, ஈழத்துக்காரரும் இந்தியாக்காரருமாகச் சேர்ந்து பொங்கல் கொண்டாடுவோம். ஒரு பொங்கலன்று சார் ஒரு கோப்பைத் தேநீரோடு அக்காவின் பின்னால் வந்து தோளைத் தொட்டார். அக்கா சுழன்ற வேகத்தில் முழங்கை அவர் வாயில் பட்டது. உதடு கிழிந்தது, வெள்ளைச் சட்டை முழுக்கத் தேநீரும் ரத்தமும். மண்டபமே சிரித்தது. “பாவம் மனுசன், வீட்டில என்ன பாடோ” என்று ஒருவர் உரக்கச் சொன்னார். சாரும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அடுத்த திங்கட்கிழமை அக்கா இடது கையில் கட்டோடு வந்தார். “வாசல் படியில விழுந்திட்டன்” என்றார். அந்தப் படி வழுக்குகிறது, சிமெண்டு பூசச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

எழுபத்தெட்டு ஜூலையில், இங்கே குளிர்காலம் உச்சத்தில் இருந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஒரு வாடிக்கையாளரிடம் சார் அதே ரோமாபுரிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் சொல் குழறியது. கையிலிருந்த கோப்பை விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்து தரையில் கிடந்தார். நான் ஓடினேன். அக்கா சுவரோடு ஒட்டி நின்றார். தரையில் கிடந்தவரின் இடது கை மெதுவாக ஊர்ந்துவந்து அக்காவின் கணுக்காலைப் பிடித்தது.

அக்கா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். முழங்கைகளை முன்னே நீட்டி, தலையை அவற்றுக்குள் புதைத்து, உடம்பைச் சுருட்டி, சுவருக்குள்ளேயே போய்விடுவதுபோல் ஒடுங்கினார். ஒரு குட்டி நாயின் சத்தம் அவரிடமிருந்து வந்தது. வந்திருந்த வெள்ளைக்காரர், அக்கா கணவனுக்காக அழுகிறார் என்று நினைத்து ஆறுதல் சொன்னார். அழுகிறவர்கள் முழங்கையை அப்படி வைக்க மாட்டார்கள். காலைப் பிடித்தவர் அசைய முடியாமல் கிடந்தார். அப்படியும் அந்தக் கையைக் கண்டு அக்காவுக்கு அவ்வளவு பயம்.

சாருக்கு வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் இல்லை. கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, சன்ஷைன் என்ற புறநகரில் இருந்த அவர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். காலையில் ஒரு நர்ஸ் வந்து பார்த்துக்கொண்டார். அக்கா கடைக்கு வந்து அவருடைய தோல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை, பாப்பரசர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. கடையில் கூட்டம். இதுவரை குடைக்காசுகளைத் திரும்பிப் பார்க்காதவர்கள்கூட வந்து கேட்டார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் குடையையும் சாவியையும் காட்டினார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சார் சொல்லும் அதே கதையைச் சொன்னார். சிறைக்கதவு, கத்தி, ஆற்றில் பிணம். சிரிக்காமல் சொன்னார்.

அந்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, சனிக்கிழமை அரை நாளோடு கடையை மூடியதும், சாருக்குக் கொடுக்கலாம் என்று இட்லி எடுத்துக்கொண்டு சன்ஷைனுக்குப் போனேன். கதவு சாத்தாமல் கிடந்தது. அக்கா சமையலறையில் சாரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். பொறுமையாக, ஊதி ஊதி ஊட்டினார். வாயைத் துடைத்தார். துணியை மடித்து வைத்தார். பிறகு அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சார் கண்களை மூடிக்கொண்டார். அக்கா ஓங்கிக் கன்னத்தில் அறைந்தார். தலை ஒரு பக்கம் போய் மெதுவாகத் திரும்பி வந்தது. கண்ணாடியை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, அவருக்கு மாட்டிவிட்டார்.

“அக்கா!”

“ஓ, நீரோ. வாரும். என்ன கொண்டந்தனீர்?”

“என்ன பண்றீங்க அக்கா? முடியாத மனுஷன்!”

அக்கா கொண்டையை அவிழ்த்தார். உச்சிக்குப் பக்கத்தில் முடி முளைக்காத ஒரு கோடு. “இது பினாங்கில.” கோட்டைக் கழற்றித் தோளைக் காட்டினார். எலும்பு தவறாகப் பொருந்தி முடிச்சுப் போல நின்றது. “இது லண்டனில.” இடது மணிக்கட்டைத் திருப்பினார். “இது உங்கட பொங்கலுக்குப் பிறகு. எல்லாரும் சிரிச்சனீங்கள் எல்லே, அதுக்கு.”

நான் சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“அவருக்கு நேரம் காலம் இல்லை பிள்ளை. கை எப்ப வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நான் நேரம் வைச்சு அடிக்கிறன். கஞ்சிக்குப் பிறகு ஒண்டு. கண்ணாடியைக் கழட்டிப்போட்டு.”

“எவ்வளவு நாளைக்கு?”

“புதுப் பாப்பரசர் வருமட்டும். அவர்தானே சொன்னவர், அதுக்குள்ள செய்தது செய்ததுதான் எண்டு.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அக்கா விளையாட்டுப் பேச்சு பேசி நான் கேட்டதே இல்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். பூசையில் சொல்வதை எப்படி நம்பினாரோ அப்படித்தான் இதையும் நம்பினார்.

வீட்டில் வந்து சொன்னேன். என் கணவர், “குடும்ப விஷயம். நீ வேலையை விட்டுடு” என்றார். நான் விடவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அக்காவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவரைப் பார்க்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

அந்த மாதக் கடைசியில் ஒரு திங்களன்று கடைக்குள் நுழைந்ததும் அக்கா சொன்னார்: “நேற்றுப் பூசையில சொன்னவை. புதுப் பாப்பரசர் வந்திட்டாராம். நான் விட்டிட்டன்.”

விட்டுவிட்டார்தான். வாக்கு மாறவில்லை. ஆனால் செப்டம்பரில் சாரின் இடது கைக்குப் பலம் கூடியது. ஒன்றிரண்டு சொல்லும் வந்தது. எழுந்து நிற்கப் பழகட்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு கனத்த கைத்தடி கொடுத்தார்கள்.

ஒரு நாள் அக்கா புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தார். இன்னொரு நாள் நொண்டினார். பிறகு மரத்தட்டைத் தூக்க வலது கை உயரவில்லை.

“தடியாலயா?” என்று கேட்டேன்.

“ஓம்.”

“உட்கார்ந்திருக்கிறவரு அக்கா! தடியைப் பிடுங்கித் திருப்பி அடிக்க வேண்டியதுதானே? ஊரையெல்லாம் அடிக்கிறீங்க!”

“இப்ப ஏலாது பிள்ளை. ஆள் இருக்கிறார்.”

எனக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது. ரோமாபுரியில் யாரோ ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பதற்கும் சன்ஷைனில் ஒரு மனுஷி அடி வாங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று கத்தினேன். அக்கா ஒரு வெள்ளிக் காசை உறையில் போட்டார்.

அந்தக் கிழவர் இருக்கையில் ஒரு மாதம்தான் இருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் கடை ரேடியோவில் பாட்டை நிறுத்திச் சொன்னார்கள், புதுப் பாப்பரசரும் இறந்துவிட்டார் என்று. அக்கா கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். கோட்டைப் போட்டார். பெட்டிகளுக்கு ஆணி அடிக்க வைத்திருந்த சுத்தியலை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார்.

“போட்டு வாறன். கடையைப் பூட்டும்.”

பூட்டிவிட்டு நானும் ஓடினேன். ரயிலில் வேலை முடிந்து போகிறவர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா கதவுக்கு முதுகு கொடுத்து, பையை நெஞ்சோடு அணைத்து நின்றார்.

“அக்கா, வேண்டாம். போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போயிடும்.”

“நீர் ஏன் வாறீர்?”

“நான் வர்றேன். நீங்க அந்தப் பையை என்கிட்ட குடுங்க.”

தரவில்லை.

வீட்டில் டெலிவிஷன் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் மேசைக்குப் பக்கத்தில் சார் உட்கார்ந்திருந்தார். தடி மடியில் கிடந்தது. செய்தி அவருக்கும் தெரிந்துவிட்டது என்பது அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்தது. வேர்த்திருந்தார். அக்கா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பையைத் திறந்து சுத்தியலை எடுத்தார். நான் நடுவில் போய் நின்றேன். ஒரே தள்ளு, என் இடுப்பு அலமாரி முனையில் இடித்து நான் உட்கார்ந்துவிட்டேன்.

சார் தடியை எடுத்து ஓங்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைத் தரையில் நழுவ விட்டார். பிறகு, அவருக்கு எஞ்சியிருந்த அந்த இடது கையை மெதுவாகத் தூக்கி, மேசைமேல் வைத்தார். உள்ளங்கை கீழே, விரல்கள் விரிந்தபடி. யாரும் வைக்கச் சொல்லவில்லை. வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். என்னிடம் ஒருநாளும் காட்டாத ஒரு பார்வை, சின்னப்பிள்ளைகள் பிரம்பின் முன்னால் பார்ப்பார்களே, அது.

அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. சுத்தியலைத் தூக்கிப் போட்டுவிடுவார், அழுவார், எல்லாம் முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன். இடது கையால் அவருடைய கண்ணாடியைக் கழற்றினார். மடித்து ஜன்னல் கட்டையில் வைத்தார். வலது கை சரியாக உயரவில்லை. சுத்தியலை இடது கைக்கு மாற்றி, அடித்தார்.

ஒரு அடிதான். நண்டு ஓடு உடைவதுபோல் கேட்டது. சார் உடனே கத்தவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் அந்தச் சத்தம் வந்தது. அதற்குள் அக்கா போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கு முகவரி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், எப்படி நடந்தது என்று சாரிடமே கேட்டார். அவர் வெகுநேரம் முயன்று ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னார்: “கதவு.” டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு, இருக்கை காலியாக இருந்த அந்த நாட்களில் அக்கா அவரைத் தொடவே இல்லை. கஞ்சி ஊட்டினார், உடம்பு துடைத்தார், கட்டு மாற்ற அழைத்துப் போனார். கடையில் என்னோடு அதிகம் பேசவில்லை. நானும் அவர் பக்கத்தில் போகும்போது குரல் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரேடியோவில் சொன்னார்கள், இன்னொரு பாப்பரசரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று. பிற்பகல் பத்திரிகையில் படம் வந்தது. அக்கா அதைக் கண்ணாடிப் பெட்டிமேல் விரித்து, காசு பார்க்கும் லென்சை வைத்து அந்த முகத்தைப் பார்த்தார்.

“வயசு குறைஞ்ச ஆள். நல்ல உடம்பு. இவர் கன காலம் இருப்பார் போல கிடக்கு.”

“இருக்கட்டுமே அக்கா.”

“அப்ப நான் அந்த வீட்டில இருக்கேலாது. அவற்ற கை சுகமாகிப்போம். தடி பிடிப்பார். என்னால ஒண்டும் செய்யேலாது.”

கடைக்குப் பின்னால் ஒரு பெட்டி ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார். அடிலெய்டிலிருந்து சாரின் தம்பி வந்து பார்த்துக்கொள்வார், நர்ஸிடம் சொல்லியாயிற்று என்றார். சிட்னியில் டூங்கபியில் அக்காவுக்குத் தூரத்துச் சொந்தமாக தங்கை முறையில் ஒருவர் இருந்தார். அங்கே போவதாகச் சொன்னார். கடையில் இருந்த குடைக்காசு ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. “அது அவற்ற சாமான்” என்றார்.

மறுநாள் காலை ஸ்பென்சர் தெரு ஸ்டேஷனுக்கு நான் போயிருந்தேன். நல்ல வெயில். பெட்டியை ஏற்றிவிட்டு அக்கா ரயில் வாசலில் நின்றார். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து கேட்கப் பயந்து வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

“அக்கா, அன்னிக்கு அவரு கையை அவராவே கொண்டுவந்து வெச்சாரு. அதைப் பார்த்தப்புறமும் ஏன் அடிச்சீங்க?”

அக்கா என்னைப் பார்த்தார்.

“வைச்சபடியாத்தான் அடிச்சனான். இழுத்திருந்தா விட்டிருப்பன் பிள்ளை. விசர் மனுசன், தான் செய்யிறது என்னெண்டு தெரியாமச் செய்யிறார் எண்டுதானே இவ்வளவு காலமும் நான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். அவர் கையைக் கொண்டுவந்து வைச்சார் எல்லே? அப்ப அவருக்குத் தெரியும். பினாங்கிலயும் தெரியும், லண்டனிலயும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அடிச்சவர்.”

கார்டு விசில் ஊதினார்.

“போட்டு வாறன்” என்றார் அக்கா.

வரவில்லை.